பெட்ரோலிய நச்சு: மதிப்பீட்டில் இடம்பெறாத உடல்கள்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. வலை, படகு, அலையாத்தி வேர், வீட்டுச் சுவர் என நீர் தொட்ட இடமெல்லாம் கரும்பிசின் படிந்தது. அதை அள்ள இறங்கியவர்களில் பெரும்பாலோர் அவ்வூர் மீனவர்கள். குவளையும் வாளியும் வெறுங்கையுமே அவர்களது கருவிகள். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கப்பல் எரிஎண்ணெய் கடலில் கொட்டியபோதும் இதே கரையில் வாளிகளைத்தான் நாம் கண்டோம்.

தோல் அரிப்பு, கண் எரிச்சல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்காக மருத்துவ முகாம்கள் நடந்தன. அவை தேவையே. ஆனால் முகாம் தேடுவது முதல் வாரத்து அறிகுறிகளை. பெட்ரோலியத்தில் உள்ள அரோமேட்டிக் சேர்மங்களோ ஆண்டுகள் கழித்துக் கணக்குத் தீர்ப்பவை. ஓர் எண்ணெய் "ஆபத்தற்றது" என்றோ "வரம்புக்குள் உள்ளது" என்றோ ஓர் அறிக்கை சொல்லும்போது, அது எந்தச் சேர்மத்தை, எந்த வழியில், யாருடைய உடலில் அளந்து சொல்கிறது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். களப்பணியாளர்களும் மாணவர்களும் அத்தகைய அறிக்கையை வாசிப்பதற்கு வேண்டிய அடிப்படைகளை இங்கே தொகுத்துள்ளோம்.

வளையங்களின் கணக்கு

கச்சா எண்ணெய் ஒற்றைப் பொருளன்று. ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை. அதில் நேர்ச்சங்கிலி, கிளைச்சங்கிலி, சாதாரண வளைய அமைப்புகளோடு, ஆறு கார்பன்கள் ஒரு தனித்த வகைப் பிணைப்பில் கோத்த பென்சீன் வளையமும் இருக்கிறது. இவ்வளையம் கொண்டவையே அரோமேட்டிக் சேர்மங்கள். தொடக்கத்தில் அறியப்பட்டவை மணமுடையவையாக இருந்ததால் வந்த பெயர் அது. பெயரின் இனிமைக்கும் குணத்துக்கும் தொடர்பில்லை.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது கொதிநிலைக்கு ஏற்ப இவை பிரிகின்றன. பெட்ரோல் போன்ற இலேசான பகுதியில் ஒற்றை வளையச் சேர்மங்களான பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் சேரும். மண்ணெண்ணெய், டீசல் பகுதியில் இரட்டை வளையமுள்ள நாப்தலீனும் அதன் உறவுகளும். கப்பல் எரிஎண்ணெய், உலை எண்ணெய் போன்ற கனத்த பகுதிகளில் மூன்று முதல் ஏழு வளையங்கள் ஒட்டிக்கொண்ட பல்வளையச் சேர்மங்கள்; அவற்றுள் பெயர்பெற்றது பென்சோபைரீன். எனவே "பெட்ரோலியத்தின் நச்சு என்ன?" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. பெட்ரோல் நிரப்பும் ஊழியருக்கு முதன்மை ஆபத்து மூச்சின் வழியே வரும் பென்சீன். எண்ணூரில் கசடு அள்ளியவருக்கு முதல் சில நாள் ஆவியும் அதன்பின் தோல் வழியே பல்வளையச் சேர்மங்களும்.

பென்சீன் ஏன் இவ்வளவு கொடியது என்பதை அதன் அண்டை வீட்டுக்காரரான டொலுவீனோடு ஒப்பிட்டால் விளங்கும். டொலுவீனில் வளையத்தோடு ஒரு மெத்தில் தொகுதி தொங்குகிறது. கல்லீரல் அந்தத் தொகுதியைப் பற்றிப் பென்சாயிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். நரம்பு மண்டலத்தை டொலுவீன் தாக்கும். ஆனால் மஜ்ஜையைப் பெரும்பாலும் விட்டுவிடும். பென்சீனில் அப்படிப் பிடிமானம் ஏதுமில்லை. கல்லீரல் வளையத்தையே ஆக்சிஜனேற்றம் செய்கிறது. பீனாலும் ஹைட்ரோகுவினோனும் உருவாகின்றன. அவை எலும்பு மஜ்ஜையைச் சென்றடைந்து அங்குள்ள நொதியால் பென்சோகுவினோனாக மாறி, இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூல உயிரணுக்களைச் சிதைக்கின்றன. முதலில் வெள்ளணுக்கள் குறையும். நீண்டால் மஜ்ஜை வற்றிய இரத்தசோகை. சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோய். நஞ்சை வெளியேற்றுவதற்காக உடல் மேற்கொள்ளும் வேலையே இங்கு நஞ்சை ஆக்குகிறது. பென்சோபைரீனும் இவ்வாறே உடலால் மாற்றப்பட்ட பிறகுதான் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது.

இவ்விரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்துள்ளது. 1989-இல் "உண்டாக்கக்கூடும்" என்ற கீழ்ப்பிரிவில் இருந்த வாகனப் பெட்ரோலை அம்முகமை 2025-இல் முதல் பிரிவுக்கு உயர்த்தியது.

செருப்புத் தைத்தவர்கள் தந்த சான்று

இந்த அறிவு ஆய்வகத்தில் பிறந்ததன்று. 1970-களில் இஸ்தான்புல் நகரின் இரத்தவியல் மருத்துவர் முசாஃபர் அக்சோய், தம்மிடம் வந்த இரத்தப் புற்றுநோயாளிகளில் செருப்புத் தொழிலாளர் மிகுந்திருப்பதைக் கண்டார். காற்றோட்டமற்ற சிறு பட்டறைகளில் பென்சீன் கலந்த பசையால் அவர்கள் தோலை ஒட்டிவந்தனர். சுமார் 28,500 தொழிலாளர் கொண்ட அத்தொழிலில் 26 இரத்தப் புற்றுநோயாளிகளை அவர் 1974-இல் பதிவுசெய்தார். பொதுமக்களிடையே காணப்படும் விகிதத்தைவிட இது தெளிவாகவே கூடுதல். 1969-க்குப் பின் பென்சீன் பசை படிப்படியாக விலக்கப்பட்டதும் நோயும் குறைந்தது.

செருப்புத் தொழில் இந்நாட்டில் எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்ராவின் ஜாதவர்களும், வேலூர் மாவட்டப் பகுதிகளின் தோல், காலணிப் பட்டறைகளில் உழைக்கும் தலித், இசுலாமியத் தொழிலாளர்களும், பசை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு விரலாலோ தூரிகையாலோ பூசுபவர்கள். இன்றைய பசைகளில் டொலுவீனும் வேறு பெட்ரோலியக் கரைப்பான்களும் பயன்படுகின்றன. அவை பென்சீனைவிட மேலானவைதாம். ஆனால் சந்தைத் தரமான டொலுவீனில் பென்சீன் மாசாகக் கலந்திருக்கலாம். பசையில் கலக்கும் ஹெக்சேன் அரோமேட்டிக் வகையைச் சேராதது என்றாலும் கைகால் நரம்புகளை முடக்கவல்லது. டப்பாவின் மேல் "பென்சீன் இல்லை" என்று எழுதியிருப்பது தொடக்கம் மட்டுமே.

இந்தியா பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1971-ஆம் ஆண்டுப் பென்சீன் உடன்படிக்கையை 1991-இல் ஏற்று உறுதியளித்தது. கன அளவில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் பென்சீன் உள்ள பொருள்கள் அதன் வரம்புக்குள் வரும். மூடிய அமைப்பிலோ அதற்கு நிகரான பாதுகாப்பிலோ அன்றிப் பென்சீனைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதை அது தடைசெய்யச் சொல்கிறது. கருவுற்ற பெண்களையும் பாலூட்டும் தாய்மாரையும் பென்சீன் படும் வேலையில் அமர்த்தக் கூடாது என்கிறது. வீட்டுத் திண்ணையே பட்டறையாகவும், குழந்தை மடியிலும் பசை கையிலுமாகவும் இருக்கும் இடத்தில் இந்த உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தப் போகும் ஆய்வாளர் யார்?

கலவையை எப்படி அளக்கிறார்கள்

ஆயிரம் சேர்மங்களைத் தனித்தனியே சோதிக்க இயலாது. ஆகவே நச்சியலாளர்கள் மூன்று குறுக்கு வழிகளைக் கையாளுகின்றனர். ஒவ்வொன்றும் எதையேனும் விட்டுவிடும்.

முதலாவது, கலவையை முழுமையாகச் சோதிப்பது. இதற்கும் முன்னோடிகள் தொழிலாளர்களே. மான்செஸ்டர் வட்டாரப் பருத்தி ஆலைகளில் நூற்பு எந்திரத்தின் மேல் குனிந்து வேலைசெய்தவர்களின் உடுப்பு, கதிர்களில் இருந்து தெறித்த எண்ணெயில் ஊறியது. விரைப்பையின் தோலில் புற்றுநோய் வந்தது. 1920-களில் மருத்துவர்கள் இதை எழுதினர். நன்கு சுத்திகரித்த எண்ணெயையே பயன்படுத்த வேண்டும் என்ற சட்டவிதி பிரிட்டனில் வர 1953 ஆயிற்று. இடைக்காலத்தில் எலியின் தோலில் எண்ணெய் பூசிச் சோதித்து, கட்டி உண்டாக்குவது பல்வளையச் சேர்மப் பகுதியே எனக் கண்டனர். அதிலிருந்து வந்ததுதான் ஐ.பி.346 என்ற இன்றைய சோதனை. டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான் எண்ணெயிலிருந்து பல்வளையச் சேர்மங்களைப் பிரித்தெடுக்கும். அந்தச் சாறு எடையில் 3 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அந்த மசகு எண்ணெயைப் புற்றுநோய்ப்பொருள் என வகைப்படுத்த வேண்டியதில்லை. நல்ல சோதனைதான், ஆனால் பயன்படுத்தாத, புதிய மசகு எண்ணெய்க்காக வகுக்கப்பட்டது. எஞ்சினில் ஓடிக் கருத்த எண்ணெயில் எரிபொருளிலிருந்து பல்வளையச் சேர்மங்கள் வந்து சேர்ந்துகொண்டே போகும். பட்டறையில் அந்தக் கரிய எண்ணெயில் முழங்கை வரை நனையும் பையனுக்குப் புதிய டப்பாவின் சான்றிதழால் பயனில்லை.

அதே ஐரோப்பிய விதிகளில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு கூறு உண்டு. சில பெட்ரோலியப் பொருள்களைப் புற்றுநோய்ப்பொருள் பட்டியலிலிருந்து விலக்க வேண்டுமானால், அவற்றின் சுத்திகரிப்பு வரலாறு முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். அவை தீங்கற்ற மூலத்திலிருந்து வந்தவை என உற்பத்தியாளர் காட்ட வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை விற்பவன் தோளில். நம் ஊரில் கசிவு நேர்ந்தால் கொட்டியது எந்த எண்ணெய் என்பதைக் கண்டறியும் சுமையே பாதிக்கப்பட்டவர் தோளில் விழுகிறது.

இரண்டாவது வழி, கலவையைப் பகுதிகளாகப் பிரிப்பது. அரோமேட்டிக் பகுதியையும் மற்றதையும் தனியே பிரித்து, கார்பன் எண்ணிக்கை வாரியாக ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதிச் சேர்மத்தின் நச்சுத்தன்மையைப் பொருத்துவார்கள். மாசுபட்ட மண்ணை மதிப்பிட இது பயன்படும். வெறும் "மொத்தப் பெட்ரோலிய ஐதரோகார்பன்" என்று ஒற்றை எண் தரும் ஆய்வறிக்கை இந்தப் பிரிப்பைச் செய்யவில்லை என்று பொருள். அந்த எண்ணைக் கொண்டு உடல்நலம் பற்றி அதிகம் சொல்ல முடியாது.

மூன்றாவது, குறிப்பிட்ட சேர்மங்களை மட்டும் தேடுவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1970-களில் வகுத்த 16 பல்வளையச் சேர்மங்களின் பட்டியலே உலகெங்கும் ஆய்வகங்களின் வாய்ப்பாடாகிவிட்டது. சிக்கல் என்னவெனில், எண்ணெயில் மிகுந்திருப்பவை அந்தப் பதினாறின் கிளைகள்: வளையத்தில் மெத்தில், எத்தில் தொகுதிகள் ஒட்டிய ஆல்கைல் வகைகள். விறகுப் புகைக்கும் தார்ப் புகைக்கும் ஓரளவு பொருந்தும் பட்டியலை எண்ணெய்க் கசிவுக்குப் பயன்படுத்தினால், எண்ணெய் நச்சின் பெரும்பகுதி கண்ணில் படாமலே "கண்டறியப்படவில்லை" என்ற முடிவு வரும். எந்த அறிக்கை கையில் கிடைத்தாலும், ஆல்கைல் வகைகள் அளக்கப்பட்டனவா என்று முதலில் பாருங்கள்.

80 கிலோ உடலும் 13 கிராம் இறாலும்

சேர்மத்தை அளந்தபின், அது உடலுக்குள் எவ்வளவு செல்லும் என்று கணக்கிட வேண்டும். சாதியும் வர்க்கமும் இனமும் நுழைவது இந்த இடத்தில்தான்.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவுக்குப் பின், கடலுணவு உண்ணத்தக்கதா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கணக்கிட்டது. அதில் உண்பவரின் எடை 80 கிலோ; அவர் நாளொன்றுக்கு உண்ணும் இறால் 13 கிராம். குழந்தை, கருவுற்ற பெண், மீனவக் குடும்பம் ஆகியோருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று 2012-இல் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினர். இறாலில் நச்சு மிகுந்திருந்தது என்பது அவர்களது வாதம் அன்று. கணக்கில் உட்கார வைக்கப்பட்ட உடல் யாருடையது என்பதுதான். எண்ணூரில் விற்காத மீன் குழம்பாகும். நாளைக்கு 13 கிராம் என்பது ஒரு வாய்ச் சோற்றுக்குக் காணாது.

கொசஸ்தலையாற்றில் வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களை எண்ணிப் பாருங்கள். கழுத்தளவு நீரில் மணிக்கணக்காக அமிழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி, பிடித்த இறாலைப் பல்லில் கவ்விய பறியில் போடுகிறார்கள். தோல், வாய், உணவு, மூச்சு என நான்கு வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இத்தகைய உடலுக்கு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் கட்டம் வரையப்படவில்லை. கரைக்கு வந்த மீனைச் சோதித்து "தசையில் குறைவு" என்று சொல்வதும் பாதி உண்மைதான். மீன்கள் பல்வளையச் சேர்மங்களை விரைவாக மாற்றி வெளியேற்றும். மட்டியும் சிப்பியும் அப்படிச் செய்ய இயலாமல் சேர்த்து வைக்கும். ஏழைகள் பொறுக்கி உண்பது பெரும்பாலும் அந்த மட்டியைத்தான்.

நைஜீரியாவின் ஒகோனி மக்கள் இதன் கொடிய வடிவத்தைக் கண்டவர்கள். 2011-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட ஆய்வு, நிசிசியோக்கென் ஒகாலே என்ற ஊரில் குடிநீர்க் கிணறுகளில் உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டு அளவைப்போல் 900 மடங்குக்கும் மேல் பென்சீன் இருந்ததைக் கண்டறிந்தது. மக்கள் அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தனர்.

வரம்பு என்ற எண் எப்படிப் பிறக்கிறது

பென்சீனுக்கு முற்றிலும் பாதுகாப்பான அளவு சுழியமே என்று 1948-இல் எழுதியது யார் தெரியுமா? அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கம் வெளியிட்ட நச்சியல் மதிப்புரையே. ஒகாயோவில் ரப்பர்ப் படலம் செய்த ஆலைத் தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1977-இல் வெளியான ஆய்வு காட்டியதும், பணியிட வரம்பைப் பத்து இலட்சத்தில் 10 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைக்க அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் முனைந்தது. அதே சங்கம் வழக்குத் தொடுத்தது. 1980-இல் உச்ச நீதிமன்றம் புதிய வரம்பை நீக்கியது. 1987-இல்தான் அது மீண்டும் வந்தது. அந்த இடைவெளியில் மூச்சிழுத்தவர்களின் மஜ்ஜைக்கு நீதிமன்றத் தவணை தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் முதலான வரம்பாக 0.2 பங்கை விதித்துள்ளது.

நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலை நேரச் சராசரியாக 0.5 பங்கு, அதாவது கனமீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்றது. 2009-இன் தேசியக் காற்றுத் தரநிலையில் பொதுவெளிக்கான பென்சீன் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். ஆலை வாயிலின் உள்ளும் புறமும் 300 மடங்கு வேறுபாடு. எட்டு மணி நேரச் சராசரியும் ஆண்டுச் சராசரியும் ஒன்றல்ல என்பது சரியே. ஆனால் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக வேலைசெய்து, ஆலைச் சுவரை ஒட்டிய குடியிருப்பில் உறங்குபவர் இரண்டு காற்றையும் சுமக்கிறார். இரண்டு கணக்கையும் கூட்டிப் பார்க்கும் அட்டவணை எதுவும் இல்லை. மூக்கை நம்பவும் வழியில்லை. பென்சீன் மணம் தெரியும் அளவு இந்த வரம்புகளுக்கு மேலே இருக்கிறது. மணம் போய்விட்ட கனத்த கசட்டிலோ பல்வளையச் சேர்மங்கள் அப்படியே தங்கியிருக்கும்.

எண்ணெய்த் தொட்டிகளின் அடிச்சேற்றை வழிக்க உள்ளே இறங்குபவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடைக்கும் மலத்தொட்டிக்கும் பொருந்தும்; எண்ணெய்த் தொட்டி அதன் எல்லைக்கு வெளியே. உள்ளே இருக்கும் ஆபத்தோ ஒரே குடும்பம்: உயிர்வளிக் குறைவு, ஐதரசன் சல்பைடு, கூடவே பென்சீன் ஆவி.

சான்று கரையும் வேகம்

உடலில் பென்சீன் புகுந்ததைச் சிறுநீரில் உள்ள எஸ்-பீனைல் மெர்காப்டியூரிக் அமிலம் காட்டும். பல்வளையச் சேர்மங்களை 1-ஹைட்ராக்சிபைரீன் காட்டும். இரண்டும் ஓரிரு நாளில் பெரும்பாலும் மறைந்துவிடும். வேலை முடிந்த அன்றே மாதிரி எடுக்க வேண்டும்; ஒரு வாரம் கழித்து வரும் முகாமில் எடுத்தால் "இயல்பு" என்றுதான் வரும். புகையிலைப் புகையிலும் இவை உள்ளதால் புகைபிடிப்பவரா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முழு இரத்த அணுக் கணக்கை ஒருமுறை எடுத்தால் போதாது. வேலைக்கு முன்னும் பின்னும், பிறகு சீரான இடைவெளியிலும் எடுத்து ஒப்பிட்டால்தான் வீழ்ச்சி தெரியும்.

இழப்பீட்டுச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பென்சீனாலும் அதன் நச்சு உறவுச் சேர்மங்களாலும் வரும் நோய்களையும், தார், கீல், கனிம எண்ணெய் ஆகியவற்றால் வரும் தோல் புற்றுநோயையும் தொழில்நோய்களாகப் பட்டியலிட்டது. ஆனால் அவை உள்ள "ஆ" பகுதிக்கு ஒரு நிபந்தனை: ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து வேலைசெய்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்ததாரர் பெயர் மாறும் ஊரில் இந்த நிபந்தனை யாரை வெளியே நிறுத்தும் என்பது விளக்கமின்றியே புரியும். முகத்துவாரத்தில் பத்து நாள் கசடு அள்ளிய மீனவர் எவருடைய தொழிலாளியும் அல்லர்.

2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் கப்பல் உடைந்து ஸ்பெயினின் கலீசியக் கரையில் எண்ணெய் படிந்தபோதும் துப்புரவில் இறங்கியவர்கள் மீனவர்களே. அங்கே ஆய்வாளர்கள் அவர்களைப் பின்தொடர்ந்தனர். ஓராண்டுக்கும் மேல் கழிந்த பின்னும், அள்ளும் வேலையில் அதிக நாள் ஈடுபட்டவர்களிடம் மூச்சுக்குழல் தொல்லைகள் அதிகமாக இருந்தன. இரண்டு ஆண்டு கழித்து எடுத்த இரத்த மாதிரிகளில், வேலையில் ஈடுபடாத மீனவர்களோடு ஒப்பிட, நிறமூர்த்தங்களில் சிதைவு மிகுந்திருந்தது. மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் 2011 முதல் ஏறத்தாழ 33,000 பேரைப் பதிவுசெய்து கண்காணித்தது. இரண்டு நாட்டிலும் தொடக்கம் ஒரு பெயர்ப்பட்டியல்தான்: யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், கையுறையோடா வெறுங்கையோடா. எண்ணூரிலும் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் குவளையோடு இறங்கியவர்கள் தங்கள் நினைவிலிருந்து அந்தப் பட்டியலை இன்றும் எழுதித்தர முடியும். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஒரு குறிப்பேட்டோடு போய் உட்கார்ந்தால் போதும்.